புயல், ஊரடங்கு என்று அறிவித்துவிட்டால் மெடிக்கல் ஷாப் திறந்திருக்குமா? பழைய சீட்டுக்கு மருந்து தருவார்களா?

கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். அம்மா ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் தனியாக, இன்சுலின் போட்டுக்கொண்டு. டெக்சாஸில் புயலுக்கு எமர்ஜென்சி அறிவித்தபோது பழைய சீட்டைக் காட்டியே மருந்து வாங்கினேன், நம்ம ஊரிலும் அப்படி உண்டா என்பது கேள்வி.

நான் பாம்பன் பக்கம் ஒரு மெடிக்கலில் ஃபார்மசிஸ்ட். கவுன்டரில் நின்று பதினாலு வருஷம் ஆகிறது.

கடை திறந்திருக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். எமர்ஜென்சி என்றால் நம் பெரியவர்களுக்கு 1975-தான் ஞாபகம் வரும். இந்தக் கடற்கரையில் உண்மையில் அறிவிப்பது புயல் எச்சரிக்கை, ஊரடங்கு, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபரில் பரமக்குடி, கமுதி பக்கம் போடும் 144. (2024 ஜூலையிலிருந்து சட்டத்தில் அந்த எண் 163. ஊரில் யார் வாயிலும் 163 வரவில்லை.) இதில் எதுவாக இருந்தாலும் மருந்துக் கடையை மூடச் சொல்ல மாட்டார்கள்.

பிரச்சினை கடைக் கதவில் இல்லை, கடைக்குள் மருந்து வந்து சேருவதில். 2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 போட்டு பஸ்ஸை நிறுத்தினார்கள். அன்று நள்ளிரவே பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. எங்களுக்கு விலக்கு இருந்தது, தினமும் திறந்தோம். ஆனால் சரக்கில் பாதி மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வருவது. பஸ்ஸே ஓடாதபோது பார்சல் எங்கே? ஸ்டாக்கிஸ்ட் (எங்களுக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரி) சொந்த வண்டி ஏற்பாடு பண்ணுகிற வரைக்கும் அலமாரியில் இருந்ததைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தோம். ரெண்டு மாசத்துக்குக் கேட்டவர்களுக்குப் பதினைந்து நாளைக்குத்தான். திட்டு வாங்கினோம்.

அந்த மார்ச் 26-ல் மத்திய அரசு வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி தந்தது. சீட்டை மெயிலில் அனுப்பினாலும் போதும். அதிலும் கணக்கு உண்டு: அதே வருவாய் மாவட்டத்துக்குள்தான், நாள்பட்ட நோய்க்கு எழுதிய சீட்டு 30 நாளுக்குள் எழுதியதாக இருக்க வேண்டும், திடீர் நோய்க்கு 7 நாள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் குளோனாசெபம், அல்ப்ரசோலம் மாதிரி ஷெட்யூல் எச்1 (கூடுதல் கட்டுப்பாடு உள்ள பட்டியல்) மருந்துகள் அதில் வரவே வராது. அதற்கு நாங்கள் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டரில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். அம்மாவுக்குத் தூக்க மாத்திரை ஏதாவது இருந்தால், சீட்டு இல்லாமல் எந்தப் புயலிலும் கேட்க வேண்டாம்.

இப்போது உங்கள் நேர்க் கேள்வி. டெக்சாஸில் பேரிடர் அறிவித்தால் டாக்டரைக் கேட்காமலே 30 நாள் வரை ஃபார்மசிஸ்ட் தரலாம். இங்கே எங்கள் கையில் அப்படி ஒரு அதிகாரம் கிடையாது. ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து, திரும்பவும் தரலாம் என்று டாக்டரே எழுதியிருந்தால் ஒழிய. நிஜத்தில் என்ன நடக்கிறது என்றால், வருஷக்கணக்கில் தெரிந்த முகம், பிரஷர் மாத்திரையின் காலி அட்டையோடு வந்து நின்றால் நாங்கள் இல்லை என்று சொல்வதில்லை. சட்டம் அதை ஒத்துக்கொள்ளாது. நான் எழுத்தில் ஒத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். ஆகவே அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது எத்தனை மாசத்துக்கு என்பதையும் சீட்டில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்தால், பெயரும் தேதியும் இருக்கிற துண்டை அம்மா வாங்கிக்கொள்ளட்டும். "அந்த மஞ்ச மாத்திரை" என்று வந்தால் கரண்ட் இல்லாத கடையில் டார்ச் அடித்துத் தேட முடியாது.

இன்சுலின்தான் எனக்குப் பயம். புரெவி புயல் எங்கள் பக்கம் திரும்பிய 2020 டிசம்பர் 3 ராத்திரி கரண்ட் போய்விட்டது. மறுநாள் மதியம் ஒரு ஆத்தா மீன் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஐஸ் கம்பெனி ஐஸ், அதன் நடுவில் ரெண்டு இன்சுலின் பாட்டில். "மீனே ரெண்டு நாளு கெடாம கெடக்கு தம்பி, மருந்தும் கெடாதுல்ல?" பாட்டிலை உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். பால் மாதிரி கலங்க வேண்டிய மருந்தில் பொட்டுப் பொட்டாகத் திப்பி மிதந்தது. ஒரு தடவை உறைந்துவிட்டால் இன்சுலின் போச்சு, உருகினாலும் உதவாது. ரெண்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன். புதுப் பாட்டிலை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். போட்டுக்கொண்டிருக்கிற பாட்டில் 30 டிகிரி தாண்டாத இடத்தில் வெளியிலேயே சுமார் 4 வாரம் தாங்கும். கரண்ட் போனால் மண்பானைத் தண்ணியில் ஒரு சில்வர் டம்ளரை மிதக்கவிட்டு, உள்ளே நனையாமல் வைத்தால் போதும். ஐஸ் மேலே படவே கூடாது.

அந்த ஆத்தாவுக்குக் கொடுக்க என்னிடம் பாட்டில் இல்லை, ஸ்டாக்கிஸ்ட் வண்டி பாலம் தாண்டி வரவில்லை. இருந்தது பென்னில் (பேனா மாதிரி இருக்கும் ஊசி) போடும் கார்ட்ரிட்ஜ் மட்டும். பாட்டில் மில்லிக்கு 40 யூனிட், கார்ட்ரிட்ஜ் 100. அவர் வீட்டில் இருப்பதோ 40-க்கான சிவப்பு மூடி சிரிஞ்ச். அதில் வழக்கம்போல 20 கோடு வரை இழுத்திருந்தால் உள்ளே போவது 50 யூனிட். ராத்திரி சர்க்கரை இறங்கி, காலையில் எழுந்திருக்க மாட்டார். அவருடைய டாக்டரை மூணு தடவை முயற்சி பண்ணி போனில் பிடித்து, அவர் சரி என்ற பிறகு 100-க்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் சேர்த்துக் கொடுத்து, கோட்டைப் பேனாவில் குறித்துக் காட்டினேன். வீட்டுச் சிவப்பு மூடியை எடுத்து மேலே வைத்துவிடச் சொன்னேன். "ரெண்டும் ஒரே ஊசிதான, எனக்குத் தெரியாதா" என்று கோபித்துக்கொண்டுதான் போனார். உங்கள் அம்மாவிடம் இன்றே போனில் கேளுங்கள்: மூடி என்ன நிறம், பாட்டிலில் 40-ஆ 100-ஆ என்று. அதை அவர் சீட்டின் பின்பக்கம் பெரிதாக எழுதி வைக்கட்டும்.

காசு விஷயம் ஒன்று. டவர் போய்விட்டால் கூகுள் பே வேலை செய்யாது. புரெவி அன்று முக்கால்வாசி வியாபாரம் கடன் நோட்டில்தான் நடந்தது. வீட்டில் ஆயிரம் ரூபாய் சில்லறை நோட்டாக இருக்கட்டும்.

பாம்பன் துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால் அன்றைக்கே அம்மாவை அவர் வழக்கமாக வாங்கும் மெடிக்கலுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். ஸ்டாக்கிஸ்டிடம் சொல்லி எடுத்து வைக்க எங்களுக்கு ஒரு நாள் வேண்டும். 7 ஏற்றிய பிறகு வருகிறவர்களிடம் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டத்தான் முடிகிறது.