அயர்லாந்தின் டப்ளினில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையில், அதாவது மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் நீளமாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கும் விற்கும் கடையில், சாப்பிட்டிருக்கிறீர்களா? அப்படி என்ன இருக்கிறது அதில்?

நிறைய முறை. முதல் முறை மட்டும் சொதப்பல்.

வேலைக்காக இங்கே வந்த முதல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கடை. உள்ளே சுவரோரம் இரண்டு நாற்காலி கிடந்தது. ஒன்றில் உட்கார்ந்து, யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் பொட்டலத்தோடு போய்க்கொண்டே இருந்தார்கள். அந்த நாற்காலி பொட்டலத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு என்று பிறகுதான் புரிந்தது. மேசை போட்ட கடைகளும் உண்டு என்றாலும், இங்கே பெரும்பாலும் கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டியதுதான்.

அடுத்த சொதப்பல், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று பஸ் ஏறியது. சுடச்சுட பஜ்ஜியை டிபன் பாக்ஸில் அடைத்து அரை மணி நேரம் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. ஆவி இறங்கி மேல்மாவு சொதசொதவென்று மீனை விட்டுக் கழன்று வந்தது. இவ்வளவு காசு கொடுத்து இதையா வாங்கினோம் என்று கடையைத்தான் திட்டினேன். கடை மேல் தப்பே இல்லை. வாங்கிய இடத்திலிருந்து பத்தடி தள்ளி, ஏதாவது ஒரு திண்டில் உட்கார்ந்து, கை சுடச்சுடத் தின்ன வேண்டிய பண்டம் அது. காகிதப் பையில் போட்டுக் கொடுப்பதும் ஆவி கொஞ்சமாவது வெளியே போகட்டும் என்றுதான்.

சரி, அயர்லாந்துக் கடையில் என்ன விசேஷம்? முதலில் பெயர். இங்கிலாந்தில் இந்தக் கடையை ‘சிப்பி’ என்பார்கள், இங்கே ‘சிப்பர்’. பெயர்ப்பலகையைப் பார்த்தால் மக்காரி, போர்சா, ஃபுஸ்கோ, கஃபோல்லா என்று எல்லாம் இத்தாலியக் குடும்பப் பெயர்கள். இந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவில் இருக்கும் கஸலாத்திக்கோ என்ற ஒரே மலைக் கிராமத்துப் பக்கத்திலிருந்து வந்தவை. செட்டிநாட்டுக்காரர்கள் பர்மாவுக்குப் போன மாதிரி, ஒருவர் பின்னால் ஒருவராக வந்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் தொடக்கம் ஜுசெப்பே செர்வி என்பவர் என்று சொல்வார்கள். 1880களில் அமெரிக்காவுக்குப் போகும் கப்பலிலிருந்து அயர்லாந்துத் துறைமுகத்தில் இறங்கி, டப்ளினுக்கு நடந்தே வந்து, தள்ளுவண்டியில் சிப்ஸ் விற்றாராம். பிறகு இன்றைய பியர்ஸ் தெருவில் கடை போட்டார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த அவர் மனைவி பால்மா, வருகிறவர்களிடம் மீனையும் சிப்ஸையும் கையால் காட்டி, ‘இதில் ஒன்று, அதில் ஒன்றா?’ என்று இத்தாலிய மொழியில் கேட்பாராம். அதனால்தான் ஒரு மீனும் ஒரு சிப்ஸும் வேண்டுமென்றால் பழைய டப்ளின்காரர்கள் இன்றைக்கும் ‘ஒன் அண்ட் ஒன்’ என்று கேட்கிறார்கள். கதையில் எவ்வளவு உப்பு சேர்ந்ததோ, அந்தப் பேச்சுவழக்கை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

இனி மீன். எல்லோரும் வாங்குவது காட் அல்லது ஹேடாக். வெள்ளைச் சதை, முள் தொல்லை கிடையாது, வாசம்கூட அதிகம் இல்லை. தூத்துக்குடிக்காரனான எனக்கு, சொல்லப்போனால், அது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். புகை போட்ட காட் என்று மஞ்சளாக ஒன்று வைத்திருப்பார்கள். அதில் உப்பும் வாசமும் தூக்கலாக இருக்கும், கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் என்னை வளைத்துப் போட்டது ‘ரே’. பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு என்னவென்று தெரியாமல் வாங்கினேன். பிட்டுப் பார்த்தால் நம்ம திருக்கை! சிறகுப் பகுதியை அப்படியே மாவில் தோய்த்துப் பொரித்திருந்தார்கள். குருத்தெலும்பை விட்டு நார் நாராகக் கழன்று வரும் சதை, ஓரத்தில் மொறுமொறு. டப்ளின் சிப்பரில் அதுதான் ராஜா என்பது என் கட்சி.

வினிகரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பொட்டலம் கட்டுவதற்கு முன் ‘சால்ட் அண்ட் வினிகர்?’ என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். ஆமாம் என்றால் போதும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல ஊற்றிவிடுவார்கள். முதலில் மிரண்டுபோனேன். ஆனால் எண்ணெயில் பொரித்த மீனுக்கு நாம் எலுமிச்சை பிழிவதில்லையா, அதே வேலைதான். காகிதத்தின் அடியில் ஊறிக் கிடக்கும் கடைசி நாலு சிப்ஸ்தான் இருப்பதிலேயே ருசி. ஒரு பொட்டலம் சிப்ஸ் இரண்டு பேருக்குத் தாராளம், தலைக்கு ஒன்று வாங்கிவிடாதீர்கள்.

‘ஸ்பைஸ் பர்கர்’ என்ற பெயரைப் பார்த்துக் காரத்தை எதிர்பார்த்து நான் ஏமாந்த மாதிரி நீங்களும் ஏமாற வேண்டாம். மாட்டிறைச்சி சேர்ந்தது, காரம் மருந்துக்கும் கிடையாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் சிப்ஸ் வாங்கும்போதும் எந்த எண்ணெய் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் உண்டு.

எங்கே போகலாம் என்றால், கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்துக்குப் பக்கத்தில் வெர்பர்க் தெருவில் லியோ பர்டாக், 1913-லிருந்து இருக்கிறது. நேரம் இருந்தால் ரயிலேறி ஹவுத் துறைமுகத்துக்குப் போங்கள். படகுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம், ஆனால் கடற்காகங்கள் ஜாக்கிரதை. என் கையிலிருந்தே ஒரு துண்டைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறது ஒன்று.

போன கோடையில் அம்மா வந்திருந்தபோது ஹவுத்துக்குக் கூட்டிப் போய் ரே வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “திருக்கைய யாராவது பஜ்ஜி போடுவாங்களாடா?” என்றார். வரும் வழியில் அங்கேயே மீன் கடையில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டார். மறுநாள் வீடெல்லாம் குழம்பு வாசம். “கொஞ்சம் வினிகர் ஊத்திக்கலாமாம்மா?” என்று கேட்டேன். கரண்டியைக் காட்டினார்.