ஜூன் மாதத்தில் கிராப்பி மீன் எந்த ஆழத்தில் நிற்கும்?

கேள்வி: டல்லாஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். நண்பரிடம் 16 அடி அலுமினியப் படகு இருக்கிறது. மே கடைசியில் லேக் ஃபோர்க் ஏரிக்குப் போய், கரையோரமாக மின்னோ (இரையாகப் போடும் பொடிமீன்) போட்டு மத்தியானம் வரை உட்கார்ந்தோம். பொடி புளூகில் மீன்தான் கடித்தது. மாட்டிய ஒன்றிரண்டு கிராப்பியும் படகருகே வந்து நழுவிவிட்டன. ஜூன் கடைசியில் மறுபடி போகிறோம். மீன் நகர்வதை அப்படியே திரையில் காட்டும் லைவ் சோனார் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆழத்தையும் அடியில் கிடக்கும் கிளைகளையும் காட்டுகிற சாதாரண சோனார் போதும். மிச்சப் பணத்துக்கு நல்ல ஐஸ் பெட்டி வாங்குங்கள்.

கிராப்பி கூட்டமாகக் கரைக்கு வருவது முட்டையிடும் பருவத்தில். தண்ணீர் 60 முதல் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கும் நேரம் அது. கிழக்கு டெக்சாஸில் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல். நீங்கள் போனபோது அவை மூழ்கிய மரங்களுக்கும் பாலத் தூண்களுக்கும் திரும்பியிருக்கும். லேக் ஃபோர்க்கில் மரத்துக்குப் பஞ்சமே இல்லை. 1980இல் தண்ணீர் தேக்கியபோது ஏராளமான மரங்களை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். முதல் முயற்சிக்கு 154ஆம் நெடுஞ்சாலைப் பாலம் நல்ல இடம், நிழலும் கிடைக்கும்.

இனி ஆழம். கோடையில் ஏரித் தண்ணீர் அடுக்காகப் பிரிந்துவிடும்: மேலே சூடு, கீழே குளிர். கீழ் அடுக்கில் ஆக்சிஜன் குறைந்துபோவதால் மீன் அங்கே தங்காது. சோனாரின் உணர்திறனைக் கொஞ்சம் கூட்டினால் இந்த எல்லை மங்கலான பட்டையாகக் குறுக்கே தெரியும். அதற்குக் கீழே தூண்டில் போடுவது வீண் வேலை. பட்டை 20 அடியில் இருந்தால், 12 முதல் 18 அடிக்குள் கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கும் இடமாகத் தேடுங்கள்.

மீன் 15 அடியில் நிற்கிறது என்றால் இரையை 13, 14 அடியில் நிறுத்த வேண்டும். கிராப்பி மேலே பார்த்து இரை எடுக்கும் மீன். தலைக்குக் கீழே இறங்கிய இரையைப் பெரும்பாலும் சட்டை செய்யாது. புதிதாகப் பிடிப்பவர்கள் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஆழத்தை அளக்க ஒரு எளிய வழி உண்டு. ரீலுக்கும் கோலின் முதல் வளையத்துக்கும் நடுவே தூண்டில் நரம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுங்கள். ஒரு இழுப்புக்கு ஏறத்தாழ இரண்டடி இறங்கும். உங்கள் கோலில் எவ்வளவு என்று வீட்டிலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கடி விழுந்த ஆழத்தைப் படகில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லுங்கள், ஒளித்து வைக்காதீர்கள்!

மீனுக்குச் சற்று மேலே இரையை நிறுத்தியும் 15, 20 நிமிடம் ஒன்றும் கடிக்கவில்லையென்றால் அடுத்த மரத்துக்கு நகருங்கள். மத்தியானம் வரை ஒரே இடத்தில் உட்காருவது கெளுத்திக்குச் சரி.

6 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பும் 1/16 அவுன்ஸ் ஜிக்கும் (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்) போதும். 2018இல் டென்னசியில் பிடிபட்டு உலக சாதனையாகப் பதிவான கருப்பு கிராப்பியே 5 பவுண்டு 7 அவுன்ஸ்தான். ஜிக்கைக் கட்டிய முடிச்சு ஜிக்கின் வளையத்தின் உச்சியில் இருக்கட்டும்; அப்போதுதான் ஜிக் படுக்கைவாட்டில், நிஜ மின்னோ போலத் தொங்கும். மீன் இழுத்ததும் முடிச்சு முன்பக்கம் நகர்ந்துவிடும். ஒவ்வொரு மீனுக்கும் அப்புறம் நகத்தால் தள்ளிச் சரிசெய்யுங்கள்.

தக்கை போட்டால் அது மூழ்கும்வரை காத்திருக்காதீர்கள். கிராப்பி கீழிருந்து வந்து இரையைக் கவ்விக்கொண்டு மேலே ஏறுவது உண்டு; அப்போது எடை குறைந்து, நிமிர்ந்து நின்ற தக்கை பக்கவாட்டில் சாயும். அதுவும் கடிதான். கோலை மெல்ல உயர்த்தினால் போதும், சுண்டி இழுக்கக் கூடாது. இந்த மீனின் வாய்ச்சவ்வு அவ்வளவு மெல்லியது, முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். உங்கள் மீன்கள் நழுவியதற்கும் அநேகமாக இதுதான் காரணம். நரம்பைத் தளரவிடாமல் சீராகச் சுற்றி, மீனை நரம்பால் தூக்காமல் கைவலையில் ஏந்துங்கள்.

சிறு படகில் நங்கூரத்தைக் காற்று வரும் பக்கம், மரத்திலிருந்து தள்ளிப் போட்டு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி மரத்தருகே வாருங்கள். முன்முனையில்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டினால் அலை உள்ளே ஏறிவிடும். நீருக்கடியில் அடிக்கட்டைகள் இருப்பதால், வேகமாக ஓட்டுவதென்றால் அடையாளமிட்ட படகுத் தடத்திலேயே போங்கள். ஓட்டுபவர் இன்ஜின் நிறுத்தும் கயிற்றை மாட்டிக்கொள்ள வேண்டும். படகு ஓடும்போது 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மிதவை அங்கியைக் கழற்றக் கூடாது; டெக்சாஸ் சட்டமே அப்படி.

டெக்சாஸ் பொதுவிதிப்படி ஒருவருக்கு நாளைக்கு 25 கிராப்பி, குறைந்தது 10 அங்குலம். ஆனால் லேக் ஃபோர்க்கில் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை விதி தலைகீழ்: அளவு பார்க்க வேண்டாம், பிடித்த கிராப்பியைத் திரும்ப விடவும் கூடாது. ஆழத்திலிருந்து ஏற்றிய மீனின் காற்றுப்பை உப்பிவிடுவதால் விட்டாலும் பல பிழைப்பதில்லை. கோடையிலும் இதை மனதில் வைத்து, 20 அடிக்குக் கீழிருந்து பொடிமீன்களே வந்தால் இடத்தை மாற்றுங்கள். விதிகள் மாறக்கூடும், போகுமுன் டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வைத்துக்கொள்ளும் மீனை உடனே ஐஸில் போடுங்கள். படகில் வெட்ட வேண்டாம், கரை சேரும்வரை தலையும் வாலும் இருக்க வேண்டும். ஏரியை விட்டுக் கிளம்புமுன் படகிலும் மின்னோ வாளியிலும் உள்ள தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். தண்ணீரோடு பரவி ஏரிகளைக் கெடுக்கும் ஜீப்ரா சிப்பி வேறு ஏரிகளுக்குப் போகாமலிருக்க அதுவும் அங்கே கட்டாயம்.