தராசுக்குக் காத்திருக்கும்போது டைமர் அடிக்கவில்லையா?

லினக்ஸ் புரோகிராமில் டைமரை வைக்கும் செட்ஐடைமர் அழைப்பில், ஐடைமர்_வர்ச்சுவலை (சிபியு நேர டைமர்) எடுத்துவிட்டு ஐடைமர்_ரியல் (கடிகார நேர டைமர்) போடுங்கள். ஹேண்ட்லரையும் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) சிக்வீடிஅலார்ம் சிக்னலிலிருந்து சிக்அலார்ம் சிக்னலுக்கு மாற்ற வேண்டும்.

ஹட்டன் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், தராசிலிருந்து 5 விநாடிக்குள் எடை வராவிட்டால் எச்சரிக்க வேண்டும், ஆனால் சிக்னலே வருவதில்லை என்கிறீர்கள். வர்ச்சுவல் டைமர் உங்கள் புரோகிராம் சிபியுவில் ஓடும் நேரத்தை மட்டுமே எண்ணும். தராசின் எடையைப் படிக்கும் ரீட் அழைப்பில் காத்திருக்கும்போது புரோகிராம் தூங்குகிறது. மழையில் கொழுந்து வர அரை மணி நேரம் பிந்தினாலும் அந்த டைமர் அசையாது.

நம்பாவிட்டால் ரீட்டுக்கு முன்னும் பின்னும் கெட்ஐடைமரை அழைத்து இட்_வேல்யூவை அச்சிட்டுப் பாருங்கள். அதுதான் மீதி நேரம். எவ்வளவு காத்திருந்தாலும் 5-ஐ ஒட்டியே நின்றால் காரணம் இதுதான். இட்_இன்டர்வல் பூஜ்யமென்றால் டைமர் ஒரு தடவை அடித்து ஓய்ந்துவிடும், அதையும் பாருங்கள்.

மாற்றிய பிறகு ஒரு சிக்கல் வரலாம். ஹேண்ட்லரைப் பதிவு செய்யும் சிக்ஆக்‌ஷனில் எஸ்ஏ_ரீஸ்டார்ட் கொடுத்திருந்தால், ஹேண்ட்லர் முடிந்ததும் ரீட் பழையபடி காத்திருக்கப் போய்விடும், அந்த எஸ்ஏ_ரீஸ்டார்ட்டை எடுத்துவிடுங்கள். அப்புறம், வேறெங்காவது அலார்ம் அழைப்பு இருந்தால் அதையும் தூக்குங்கள். லினக்ஸில் அலார்முக்கும் ஐடைமர்_ரியலுக்கும் ஒரே டைமர்தான், ஒன்று மற்றதை அழித்துவிடும்.

என்னைக் கேட்டால், இந்த வேலைக்குச் சிக்னலே வேண்டாம். தரவு வரும்வரை காத்திருக்கும் செலக்ட் அழைப்பில் 5 விநாடி வரம்பு கொடுத்தாலே போதும்.