பாவத்தின் சம்பளமும் பதினொரு மாதக் குழந்தையும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் எங்கள் தெருவில் பதினொரு மாதக் குழந்தை ஒன்று மூளைக்காய்ச்சலில் இறந்துபோனது. அது ஒரு கிறிஸ்தவக் குடும்பம். நான் சைவ வீட்டில் பிறந்தவன் என்றாலும் அவர்களோடு நெருங்கிய பழக்கம் உண்டு என்பதால் கல்லறைத் தோட்டம் வரை சென்று, குழியை மூடும்வரை நின்றேன். அங்கே ஜெபித்தவர் 'பாவத்தின் சம்பளம் மரணம்' என்ற வசனத்தைச் சொல்லி, ஆதாம் கனியைத் தின்றதனால்தான் மனிதனுக்குச் சாவு வந்தது என்று விளக்கினார். குழந்தையின் தாய் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது. பேச்சே வராத குழந்தை என்ன பாவம் செய்திருக்க முடியும்? யாரோ எப்போதோ தின்ற பழத்துக்கு இந்தக் குழந்தை ஏன் சாக வேண்டும்? நாங்கள் வினை என்று சொல்வதைத்தான் அவர்கள் வேறு பெயரில் சொல்கிறார்களா? இதைப் புரிந்துகொள்ள பைபிளில் எந்தப் பகுதிகளைப் படிக்க வேண்டும் என்றும் சொல்ல முடியுமா?

ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

அங்கே சொல்லப்பட்டது பாதி வசனம். ஆகவே அது எங்கே வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். தொடக்ககாலத் திருச்சபையின் தூதரான பவுல் ஏறத்தாழ கி.பி. 57இல் ரோமாபுரியில் இருந்த சபைக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், நீங்கள் எந்த எஜமானுக்கு அடிமைகளாக இருக்கிறீர்கள் என்று வளர்ந்தவர்களைக் கேட்டுக்கொண்டே வந்து, பாவம் என்ற எஜமான் கடைசியில் கொடுக்கும் கூலி இதுதான் என்று முடிக்கும் இடத்தில் அந்த வரி வருகிறது. 'சம்பளம்' என்று தமிழில் வந்திருக்கும் கிரேக்கச் சொல் போர்வீரனுக்குக் கொடுக்கும் படியைக் குறிப்பது. லூக்கா நற்செய்தியில் யோவான் ஸ்நானன் போர்ச்சேவகர்களிடம் உங்கள் சம்பளம் போதுமென்று இருங்கள் என்னும் இடத்திலும் அதே சொல்தான் இருக்கிறது. கூலி என்பது வேலை செய்தவனுக்கு உரியது. அந்த வாக்கியத்தின் மறுபாதியில், கூலியாக அல்லாமல் இலவசமாகக் கிடைக்கும் நித்தியஜீவனைப் பற்றிப் பவுல் பேசுகிறார். முதற்பாதியை எழுதியதே அதைச் சொல்வதற்காகத்தான். எந்த வேலையும் செய்யாத குழந்தையின் குழியருகே கூலிக்கணக்கை மட்டும் வாசித்தது, என் கணிப்பில், பவுலுக்கே இழைக்கப்பட்ட அநீதி.

ஆனால் இந்த ஒரு வசனத்தோடு உங்கள் கேள்வி தீர்ந்துவிடாது. ஆதாமின் செயலுக்கும் நம் சாவுக்கும் தொடர்பு உண்டு என்பதைக் கிறிஸ்தவம் உண்மையாகவே நம்புகிறது. அந்தத் தொடர்பு எத்தகையது என்பதில்தான் சபைகள் 1,600 ஆண்டுகளாக வேறுபட்டு நிற்கின்றன.

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் கதை நாம் நினைப்பதைவிட மிகக் குறைவாகவே பேசுகிறது. இரண்டாம் அதிகாரத்தில் கடவுள், நன்மை தீமை அறியத்தக்க மரத்தின் கனியைப் புசிக்கும் நாளில் 'சாகவே சாவாய்' என்கிறார். எபிரெயத்தில் அழுத்தம் கொடுப்பதற்காக வினைச்சொல்லை இரட்டித்துச் சொல்லும் முறையைத் தமிழ் மொழிபெயர்ப்பு அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தமிழில் இது ஒரு விசித்திரமான அழகு. ஆனால் ஆதாம் அன்று சாகவில்லை. 930 ஆண்டுகள் வாழ்ந்தான் என்று ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. இந்த முரண்பாடு பழைய யூத வாசகர்களையே உறுத்தியிருக்க வேண்டும். கிறிஸ்துவுக்கு முன்பே எழுதப்பட்ட யூபிலி நூல், கடவுளுக்கு ஆயிரம் ஆண்டு ஒரு நாள், ஆதாம் ஆயிரத்துக்கு எழுபது குறைவாகத்தானே வாழ்ந்தான், ஆகவே அதே 'நாளில்' செத்தான் என்று கணக்குப் போட்டுத் தீர்க்கிறது. பின்னால் வந்தவர்களோ, அன்று நிகழ்ந்தது ஆத்துமாவின் சாவு என்றார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கனியைத் தின்ற மூன்றாம் அதிகாரத்தில் 'பாவம்' என்ற சொல்லே கிடையாது. அது முதன்முதலாக வருவது நான்காம் அதிகாரத்தில், தம்பியின் மேல் எரிச்சலோடு நிற்கும் காயீனிடம் கடவுள் பேசும்போது: பாவம் உன் வாசற்படியில் படுத்திருக்கிறது, நீ அதை ஆண்டுகொள்ள வேண்டும் என்கிறார். ஆதாமின் மகனுக்கே, அதாவது பிறவியிலேயே கறைபட்டவன் என்று பிற்காலம் சொல்லப்போகும் முதல் மனிதனுக்கே, பாவத்தை ஆள முடியும் என்று சொல்லப்படுகிறது. பைபிளில் வரும் முதல் சாவும் ஆதாமுடையது அல்ல, ஆபேலுடையது. சாவு இயற்கையாக வரவில்லை, கொலையாக வந்தது. ஆதியாகமத்தை எழுதியவர் இந்த வரிசையைத் தெரிந்தேதான் அமைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு எபிரெய வேதம், அதாவது பழைய ஏற்பாடு, ஆதாமின் மீறுதலை ஏறக்குறைய மறந்தே போகிறது. பிதாக்கள் புளித்த திராட்சையைத் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசியது என்று மக்கள் சொல்லிவந்த பழமொழியை இனிச் சொல்லாதீர்கள் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி தடுக்கிறார்; தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று பட்டவர்த்தனமாகச் சொல்கிறார். உங்கள் கேள்வியை 2,500 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர் அவர். ஆனால் வேதம் முழுவதும் இதே குரலில் பேசுகிறது என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். தாவீது பத்சேபாளிடம் செய்த குற்றத்துக்காக அவர்களுடைய குழந்தை நோயுற்று ஏழாம் நாளில் இறப்பதையும் அதே வேதம்தான் சொல்கிறது. அந்த அத்தியாயத்தை எத்தனை விளக்கவுரைகளோடு படித்தாலும் எனக்கு அது தொண்டையில் இறங்குவதில்லை.

ஆதாமைத் திரும்பவும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியவர் பவுல். ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் 'ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்திலே பிரவேசித்தது' என்று தொடங்கி, சாவை ஓர் அரசனைப் போல, ஆதாம் முதல் மோசே வரை 'ஆண்டுகொண்டது' என்று எழுதுகிறார். ஆதாமைப் போல மீறாதவர்களையும் அது ஆண்டது என்று சேர்த்துச் சொல்கிறார். உங்கள் தெருக் குழந்தை அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது, ஆனால் குற்றவாளியாக அல்ல, அந்நியன் ஒருவனின் ஆட்சியில் அகப்பட்ட குடிமகனாக. பவுலின் பார்வையில் சாவு படைப்பின் இயல்பும் அல்ல, கடவுளின் நண்பனும் அல்ல. கொரிந்தியருக்கு எழுதும்போது அழிக்கப்படும் கடைசிச் சத்துரு என்றே அதைப் பெயரிடுகிறார்.

அந்த ஐந்தாம் அதிகாரத்தின் 12ஆம் வசனத்தில் ஒரு சிறு சொற்றொடர் மேற்குலகின் வரலாற்றையே திருப்பிவிட்டது. 'எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்' என்று நம் பைபிளில் இருப்பது கிரேக்க மூலத்துக்கு நெருக்கமானது. ஆனால் லத்தீன் பைபிளில் அது 'அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்' என்று வாசிக்கும்படி அமைந்துவிட்டது. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகுஸ்தீனார் அதை அப்படித்தான் வாசித்தார்: ஆதாமின் இடுப்பில் நாம் எல்லாரும் இருந்தோம், ஆகவே அவன் பாவம் செய்தபோது நாமும் செய்தோம், அந்தக் குற்றம் பிறப்பின் வழியாக ஒவ்வொரு குழந்தைக்கும் இறங்குகிறது. 1516இல் எராஸ்முஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது இந்த வாசிப்பைக் கேள்விக்குள்ளாக்கினார். அதற்குள் ஆயிரம் ஆண்டுகள் கடந்திருந்தன.

அகுஸ்தீனார் வெறும் மொழிபெயர்ப்புப் பிழையால் இந்த முடிவுக்கு வந்தார் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் சரியல்ல. அவருக்கு முன்னால் இருந்தது ஒரு சடங்கு. திருச்சபை கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவந்தது, அதுவும் 'பாவமன்னிப்புக்காக' என்று சொல்லியே கொடுத்துவந்தது. குழந்தை எதுவும் செய்யவில்லை என்றால் எதற்கு மன்னிப்பு என்று அவர் கேட்டார். அவரை எதிர்த்த பெலாஜியுஸ் பிரித்தானியாவிலிருந்து ரோமாபுரிக்கு வந்த துறவி. ஆதாம் நமக்குக் கெட்ட முன்மாதிரி மட்டுமே, குழந்தை களங்கமில்லாமல்தான் பிறக்கிறது என்பது அவருடைய தரப்பு. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், ஆதாம் பாவம் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் சாகும்படியே படைக்கப்பட்டான் என்று சொல்பவன் சபிக்கப்பட்டவன் என்று தீர்மானித்தார்கள். சாவு இயற்கை அல்ல என்பது அங்கே சட்டமாகவே ஆயிற்று.

அகுஸ்தீனார் குழந்தைகளைப் பார்க்காதவர் அல்ல. தன்னோடு பால்குடிக்கும் இன்னொரு குழந்தையைப் பேச்சு வராத குழந்தையொன்று முகம் வெளிறி முறைத்துப் பார்த்ததைக் கண்டேன் என்று தம் 'ஒப்புதல்கள்' என்ற நூலில் எழுதுகிறார். அவருக்கு அதுவே சான்று. எனக்கு அது பசி என்று தோன்றுகிறது. ஆனால் அதே மனிதர் 415இல் பெத்லகேமில் இருந்த வேத அறிஞர் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில், குழந்தைகள் படும் வேதனைகளைப் பற்றிய கேள்விக்கு வரும்போது தாம் பெரும் நெருக்கடியில் சிக்குவதாகவும், என்ன விடை சொல்வதென்றே தெரியவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். கல்லறைத் தோட்டத்தில் ஜெபித்தவருக்கு இருந்த உறுதி, அந்தக் கொள்கையை வகுத்தவருக்கு இருக்கவில்லை.

கிழக்குச் சபைகள் இந்தப் பாதையில் வரவே இல்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மரபில் நாம் ஆதாமிடமிருந்து பெறுவது குற்றம் அல்ல, சாகும் தன்மை. சாவுக்குப் பயந்து மனிதன் தன்னைக் காத்துக்கொள்ளப் பொருளையும் அதிகாரத்தையும் பிறர் உயிரையும் பற்றிக்கொள்கிறான். அந்தப் பயத்திலிருந்து பாவம் முளைக்கிறது. பாவத்திலிருந்து சாவு என்ற வரிசை, ஆதாமுக்குப் பிறகு சாவிலிருந்து பாவம் என்று திரும்பிவிடுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் லியோனில் ஆயராக இருந்த இரனேயுஸ் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். ஆதாமும் ஏவாளும் முதிராத குழந்தைகளைப் போன்றவர்கள் என்றும், தின்றவரைச் சாகாமல் வைக்கும் ஜீவவிருட்சத்திலிருந்து கடவுள் அவர்களை விலக்கியது இரக்கத்தினால்தான் என்றும் எழுதுகிறார். பாவத்தோடு என்றென்றும் வாழ்வது முடிவில்லாத நோயாகிவிடும் என்பதால் சாவை அதற்கு ஓர் எல்லையாக வைத்தார் என்பது அவர் வாதம். கிறிஸ்தவ இறையியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே உயிர்கள் செத்துக்கொண்டிருந்தன என்ற அறிவியல் எதிர்வாதத்தை நீங்கள் எழுப்பவில்லை, ஆனால் வேறு வாசகர்கள் எழுப்புவார்கள். மனிதனின் பாவம் விலங்குகளின் இயல்பை மாற்றிவிடவில்லை, சிங்கம் அப்போதும் இறைச்சிதான் தின்றது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதிவிட்டார் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

இனி வினை. உங்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றியதற்கு நம் சொற்களும் ஒரு காரணம். சிறுவயதில் நான் கற்ற ஞானோபதேசத்தில், அதாவது மறைக்கல்வியில், ஆதாமிடமிருந்து வருவது 'சென்மபாவம்', நாமே செய்வது 'கர்மபாவம்'. அதிலும் கொடியதற்கு 'சாவான பாவம்' என்று பெயர். மரியாள் சென்மபாவம் இல்லாமல் தன் தாயின் வயிற்றில் உருவானாள் என்று 1854இல் ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்த கோட்பாட்டுக்குத் தமிழில் அமலோற்பவம் என்று பெயர். அதாவது மலம் அற்ற உற்பவம். மலம் என்பது, உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கைக் குறிக்கும் உங்கள் சித்தாந்தச் சொல். ஆனால் சொற்கள்தான் இடம் மாறின, கருத்துகள் மாறவில்லை. வினைக்கொள்கையில் நான் அனுபவிப்பது நான் செய்தது. வேறொருவனின் கணக்கு என் தலையில் விழுவதில்லை, அந்த அளவில் எசேக்கியேல் உங்கள் பக்கம். அதற்கு ஈடாக, அந்தக் குழந்தைக்கு ஒரு முற்பிறவியும் அதில் ஒரு குற்றமும் இருந்தாக வேண்டும். கடைசிவரை கேட்டுக்கொண்டே போனால், முதல் வினை எது என்பதற்கு அது அநாதி என்றே விடை வரும். அந்த மலங்களில் ஒன்றான ஆணவமும் செம்பில் களிம்பு போல உயிரோடு என்றும் இருப்பது என்றுதான் சைவ சித்தாந்தம் சொல்கிறது.

கிறிஸ்தவம் மறுப்பது இந்த 'அநாதி'யை. அகுஸ்தீனார் மனம் திரும்புவதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் மானிகேயர்களோடு இருந்தவர்; ஒளியும் இருளும் தொடக்கம் இல்லாத இரு தத்துவங்கள் என்பது அவர்கள் கொள்கை. தீமைக்குத் தொடக்கம் இல்லையென்றால் அது கடவுளுக்குச் சமமாகிவிடும், அல்லது கடவுளிடமிருந்தே வந்ததாகிவிடும். ஆகவே படைக்கப்பட்ட ஓர் உயிரின் விருப்பத்தில், ஒரு நாளில், ஒரு செயலில் அது தொடங்கியது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆதாம் கதையின் பாரம் முழுவதும் அந்தத் தொடக்கத்தின் மேல்தான் இருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். பழம், பாம்பு, வயது எல்லாம் அதற்குப் பின்தான். தொடங்கிய ஒன்று என்பதால் அது முடியவும் கூடும், சாவும் கூடத்தான். அந்த நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலைதான், ஒருவனின் செயல் எல்லாரையும் பாதிக்கும் என்ற அந்தக் கடினமான கூற்று. அந்த விலை சரியா என்று கேட்டால், பாதிப்பு இறங்குகிறது என்பதை என்னால் ஏற்க முடிகிறது. போரில் தோற்ற நாட்டில் பிறக்கும் குழந்தையை யாரும் குற்றவாளி என்று சொல்வதில்லை, ஆனாலும் அது அடிமையாகத்தான் பிறக்கிறது. குற்றமே இறங்குகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூலும் ஆதிப்பாவம் என்பது செய்த பாவம் அல்ல, வந்து சேர்ந்த ஒரு நிலை, ஒப்புமையால் மட்டுமே அதைப் பாவம் என்கிறோம் என்று விளக்குகிறது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு வலுவான அடிப்படை உண்டு என்று வத்திக்கானின் இறையியல் குழு 2007இல் எழுதியது. அகுஸ்தீனாரோ அவர்களுக்கு மிக மென்மையான தண்டனை உண்டு என்றார். அந்த 'மிக மென்மையான' என்பதிலிருந்து இங்கே வந்து சேர 16 நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன.

படிக்கக் கேட்டிருந்தீர்கள். ஆதியாகமம் 2 முதல் 4 வரை, பிறகு எசேக்கியேல் 18, பிறகு ரோமர் 5, இந்த வரிசையில் படியுங்கள். அதன்பின் யோவான் 9ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்கள். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. அந்தத் தாய் எப்போதாவது உங்களிடம் வாய்திறந்து கேட்டால், அந்த இடத்தைக் காட்டுங்கள்.