மூன்றாம் நாள் இரவு: கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள ஒரு பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அண்ணாவுக்கு வயது 43. மேசன் வேலை செய்கிறார். 2009இல் போர் முடிந்த பின் தடுப்பு முகாமில் இருந்து வந்தவர், முதலில் நித்திரை வருவதற்கென்று கள்ளுக் குடித்தார். பிறகு கசிப்பு என்ற கள்ளச்சாராயம். இப்போது நாளொன்றுக்கு ஒரு போத்தல் சாராயம். காலையில் முதற் கால் போத்தலுக்குப் பிறகு பத்து மணிவரை பழைய அண்ணாவாக இருப்பார். அதன் பின் அவரோடு கதைக்க முடியாது.

சென்ற ஆண்டு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நேர்த்தி வைத்து ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் இரவு, சாரத்தில் எறும்பு ஊருகிறது என்று விடியும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். காத்துக் கறுப்பு என்று நினைத்து நூல் கட்டினோம். மறுநாள் குடித்தார், எறும்பும் போய்விட்டது. குளிசை ஒன்றை அவருக்குத் தெரியாமல் சோதி என்ற தேங்காய்ப்பால் குழம்பில் கலந்து கொடுக்கும்படி ஒருவர் சொல்கிறார். மூன்று மாதம் புனர்வாழ்வு இல்லத்தில் விடலாம் என்று நான் வாய் திறந்ததும், சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் குழுக்கள் இருப்பதாக அறிகிறேன். அப்படி எதுவும் எங்கள் பக்கத்தில் உண்டா? பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது குழுக்களைப் பற்றி. அதற்கு முன் அந்த மூன்றாம் நாள் இரவைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் கடிதத்தில் மிக அவசரமான செய்தி அதுதான்.

பல ஆண்டுகளாக மதுவால் மந்தப்படுத்தப்பட்டு வந்த மூளை, அந்த மந்தத்தை ஈடுசெய்வதற்காக எப்போதும் உச்ச விழிப்பில் இயங்கப் பழகிவிடுகிறது. மதுவைச் சடுதியாக எடுத்துவிட்டால் அந்த விழிப்புக்குக் கடிவாளம் இல்லாமற் போகிறது. முதல் நாளில் கைநடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் வரும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலங்களுக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு இல்லாத எறும்பும் பூச்சியும் தெரியும், குரல் கேட்கும், இடம் காலம் மறக்கும். எங்கள் பழைய ஆட்கள் சன்னி என்று சொன்னது இதைத்தான். இது உயிரைக் கொண்டுபோகக்கூடியது. என் சித்தப்பாவை நாங்களே அறைக்குள் விட்டுப் பூட்டி, மோரும் இளநீரும் கொடுத்துக் குடியை நிறுத்தப் பார்த்தோம். இரண்டாம் நாள் வலிப்பு வந்து கட்டிலின் சட்டத்தில் தலை அடிபட்டது. அவர் பிழைத்தது எங்கள் கெட்டித்தனத்தால் அல்ல. ஒருமுறை இந்த நிலைக்குப் போனவர் மறுமுறையும் போகக்கூடும் என்பதால், உங்கள் அண்ணா அடுத்த தடவை குடியை நிறுத்துவது வைத்தியசாலைக் கட்டிலில்தான் நடக்க வேண்டும்.

அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையிலும், கிளிநொச்சி, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலை ஆகையால் பணம் இல்லை. டயசிபாம் அல்லது குளோர்டயசெப்பொக்சைட் போன்ற மருந்தைக் கூடிய அளவில் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். தயமின் எனப்படும் விற்றமின் பி1 கொடுப்பார்கள். நீண்டகாலம் சோறு குறைத்துக் குடித்தவரின் உடலில் அது வற்றியிருக்கும், வற்றிய நிலையில் நினைவாற்றலே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். வைத்தியர் அளவைக் கேட்கும்போது கௌரவத்துக்காகக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள், மருந்தின் அளவு அந்தக் கணக்கில்தான் தீர்மானிக்கப்படுகிறது. கசிப்பும் குடிப்பவரென்றால் அதையும் சொல்லுங்கள். போயாவுக்குக் கடை பூட்டும் என்று முதல்நாளே இரண்டு போத்தல் வாங்கி வைப்பவரா என்று நான் வழமையாகக் கேட்பேன். ஆம் என்றால் அது விருப்பக் குடி என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது.

அந்த ஒரு கிழமை முடிந்ததும் நோய் முடிந்துவிட்டதாக வீட்டார் நினைக்கிறார்கள். உடல் தெளிவதற்கு மட்டுமே அந்தக் கிழமை போதும். பிறகு குடிக்கும் வேட்கையைத் தணிக்க நல்ட்ரெக்சோன், அக்காம்புரோசேட் என்ற மருந்துகள் உண்டு. ஈரல், சிறுநீரக நிலையைப் பார்த்தே வைத்தியர் இவற்றைத் தெரிவு செய்வார். சோதியில் கலக்கச் சொன்ன குளிசை பெரும்பாலும் டைசல்பிராம் ஆக இருக்கும். அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, சிலவேளை இதயமே பாதிக்கப்படும். கடைசிக் குளிசைக்குப் பின்னும் இரண்டு கிழமை வரை இந்த ஆபத்து இருக்கலாம். தெரிந்து விரும்பி எடுப்பவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் கொடுத்தால் நஞ்சூட்டல். அப்படிச் செய்யவே வேண்டாம்.

இனிக் குழுக்கள். குடியை விட விரும்புபவர்கள் கூடிப் பேசும் அல்ககோலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டே பேரோடு தொடங்கியது. ஒருவர் நியூயோர்க்கில் பங்குத் தொழில் செய்தவர், மற்றவர் அறுவைச் சிகிச்சை வைத்தியர். இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். இன்னொரு குடிகாரனோடு மனம் விட்டுப் பேசிக்கொண்டிருந்தால் அன்றைய பொழுது குடிக்காமல் கழிகிறது என்பதே அவர்கள் கண்டது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அங்கு சேர்வதற்கான தகுதி. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்லத் தேவையில்லை. கடவுள் பேச்சு வரும், ஆனால் அவரவர் விளங்கிக்கொண்ட கடவுள் என்றே சொல்வார்கள். இதெல்லாம் வெறும் கதைபேச்சு என்று நானும் ஒருகாலத்தில் நினைத்ததுண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மீளாய்வு 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் எடுத்துப் பார்த்து, இக்கூட்டங்களோடு முறைப்படி இணைக்கப்பட்டவர்கள் மதுவை முற்றாக விட்டிருப்பதில், ஏனைய உளவியல் சிகிச்சை பெற்றவர்களைவிட முன்னிற்பதைக் காட்டியது.

கொழும்பில் கூட்டங்கள் நடக்கின்றன. மனத்துயரில் இருப்பவர்களுக்கு உதவும் சுமித்ரயோ அமைப்பு, குடி, போதையில் இருந்து மீள விரும்புவோருக்காக நடத்தும் மெல் மெதுர நிலையமும் அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் உண்டு, இணையவழியிலும் சேரலாம். உங்கள் ஊரில் ஒரு பலகை போட்டுக் குழு நடக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். உளநலப் பிரிவின் கிளினிக் நாளில் வாங்கில் இருப்பவர்களுள் குடியை விட்டு ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனவர் ஒருவர் இருப்பார். அவரை அண்ணாவோடு அறிமுகப்படுத்த முடியுமா என்று அங்குள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தொடங்குவதற்கு இரண்டு பேர் போதும். பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரையும் நீங்கள் அணுகலாம். அண்ணா வராவிட்டாலும் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம். குடிப்பவரின் வீட்டாருக்கென்றே 1951இல் அல்-அனொன் என்ற தனி அமைப்பு உருவானது காரணமில்லாமல் அல்ல.

தனியார் இல்லங்களைப் பற்றி எனக்குப் பொதுவான நம்பிக்கையும் இல்லை, பொதுவான வெறுப்பும் இல்லை. முதற் கிழமையில் வைத்தியர் பார்ப்பாரா, அடி உதை உண்டா, கதவு பூட்டப்படுமா, நீங்கள் நினைத்த நேரம் போய்ப் பார்க்கலாமா, அவர் தன் விருப்பத்தோடு கையொப்பமிடுகிறாரா என்று கேட்டு, நேரில் போய்ப் பார்த்த பின் முடிவெடுங்கள். ஆனால் அண்ணாவிடம் புனர்வாழ்வு என்ற சொல்லைச் சொல்லாதீர்கள். போருக்குப் பின் தடுப்பு முகாம்களுக்கு வைத்த பெயர் அது, வன்னியில் அந்தச் சொல்லுக்குக் கம்பி வேலியும் கணக்கெடுப்பும் விசாரணையும் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதைக் கேட்டு அவர் சோற்றை வைத்துவிட்டுப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. நித்திரைக்காகத் தொடங்கிய குடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நித்திரையைக் கெடுத்தது எது என்பதையும் வைத்தியரிடம் சொன்னால், குடியோடு சேர்த்து அதற்கும் வைத்தியம் பார்க்க முடியும்.

அவரோடு கதைப்பதற்கு நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பத்து மணிக்கு முந்திய நேரம் நல்லது. ஊர் என்ன சொல்லும், பிள்ளைகளின் எதிர்காலம் என்ன ஆகும் என்றெல்லாம் தொடங்க வேண்டாம், அவையெல்லாம் அவருக்குத் தெரிந்தவை. “அண்ணா, அண்டைக்கு இரவு எறும்பு ஊர்ந்தது ஒரு வருத்தமாம், அதுக்கு மருந்து இருக்காம்” என்று சொல்லிப் பாருங்கள். சம்மதித்தாரென்றால் வைத்தியசாலையில் சேரும்வரை வழமையாகக் குடிப்பதை ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல வேண்டாம். இடையில் வலிப்போ பிதற்றலோ வந்தால் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தமிழில் ஆலோசனை கேட்க 1926 என்ற உளநல இலக்கம் இருக்கிறது. நூலைக் கழற்றச் சொல்லாதீர்கள், அது கையில் இருந்துவிட்டுப் போகட்டும்.