கொத்தனார் மகனுக்கு ஐடிஐ எதற்கு?

அன்புள்ள ஐயா,

பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் கொத்தனார், நான் சித்தாள். பையன் பத்தாவது பாஸ். கட்டடத் தொழில்தான் பிடிக்கிறது என்கிறான். ஐடிஐயில் சேர்க்கலாம் என்பது என் ஆசை. "ரெண்டு வருஷம் எதுக்கு வீணா? என்கூட வந்தா தொழிலும் கத்துக்குவான், காசும் பார்ப்பான்" என்கிறார் அவர். எது சரி?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஐடிஐயிலேயே சேருங்கள். பதினாறு வயதுப் பையனைச் சாரத்தில் ஏற்றவே கூடாது.

கை படிவது சைட்டில்தான், அதில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது உண்மை. தூக்குக்குண்டு பிடித்துச் சுவரை நேராக எழுப்பும் லாகவம் வகுப்பறையில் வராது. ஆனால் "ஏன்" என்று கேட்டால் பதில் சொல்ல சைட்டில் யாருக்கும் நேரமில்லை.

தளம் போடும் அன்று "கலவை கெட்டியா இருக்கு, இன்னொரு வாளி ஊத்து" என்று குரல் வரும். நீங்களே ஊற்றியிருப்பீர்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு ஏறக்குறைய 25 லிட்டர் தண்ணீர், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. கூடுதலாக ஊற்றியது பின்னால் ஆவியாகிப் போகும். அது இருந்த இடமெல்லாம் நுண்துளை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் அந்தத் துளை வழியே உப்பு ஈரம் இறங்கும். கம்பி துருப்பிடித்து வீங்கி, கான்கிரீட்டையே பெயர்த்துவிடும். மண்ணும் அப்படித்தான். நம் வயல் களிமண் மழையில் ஊதும், சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் எழும்பும் வீட்டுக்கு, பக்கத்து வீட்டைப் பார்த்து அஸ்திவார ஆழம் முடிவு செய்கிறோம். பிறகு சுவர் விரிந்தால் கொத்தனாரைத் திட்டுகிறோம். ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு அது. விவரம் தெரிந்த ஆள் அங்கே நிற்க வேண்டும்.

சிவில் டிராப்ட்ஸ்மேன் பிரிவு கிடைக்குமா என்று பாருங்கள். இரண்டு வருடப் படிப்பு. பிளான் வரைய, படிக்க, எஸ்டிமேட் போட வரும். முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தஞ்சாவூரில் விசாரியுங்கள். நீங்கள் இருவரும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து, அட்டையைப் புதுப்பித்து வைத்திருக்கிறீர்களா? இருந்தால் பிள்ளையின் ஐடிஐ படிப்புக்கு அங்கிருந்தும் உதவி கிடைக்கும். பதியாமல் இருந்தால் இந்த வாரமே பதியுங்கள்.

காசு விஷயம் ஒன்று பாக்கி. இத்தனை வருடம் கலவை சுமந்திருக்கிறீர்கள், உங்கள் கையில் யாராவது கரணையைக் கொடுத்தார்களா? பெண்கள் கடைசிவரை சித்தாளாகவே நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரரே பூச்சு வேலை கற்றுத் தரட்டும். மேஸ்திரியிடம் பேசி, கொத்தனார் கூலியும் வாங்கித் தரட்டும். பையன் கொண்டுவரும் காசு இல்லாத குறையை அது ஓரளவாவது ஈடுகட்டும்.