மழைக்கு முன் ஓர் ஊசி: சப்பை நோய் பற்றிய கேள்வி பதில்

கால்நடை மருந்தகங்களில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கம். சப்பை நோய், அதாவது இளம் மாட்டின் சப்பைச் சதையை வீங்க வைத்து ஓரிரு நாளில் கொல்லும் மண்வழிக் கிருமி நோய் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். அவசரமானது முதலில்.

அந்தியூர்ப் பக்கத்திலிருந்து: ஐயா, மூன்று நாளில் இரண்டு கிடேரி போய்விட்டது. முதல் நாள் பின்னங்காலை நொண்டியது, சப்பையில் வீக்கம், மறுநாள் காலையில் செத்துக் கிடந்தது. இன்னும் 11 உருப்படி இருக்கிறது. இப்போது ஊசி போட்டால் நோயைக் கிளப்பிவிடும் என்கிறார்களே?

கிளப்பிவிடாது. சப்பை நோய் ஊசியில் இருப்பது ஃபார்மலின் விட்டுக் கொன்ற கிருமி. செத்த கிருமி நோய் தராது. ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஊசி போடும் நாளிலேயே சில மாடுகளின் உடம்பில் நோய் ஆரம்பித்திருக்கும். அவை இரண்டு நாளில் விழும். பார்க்கிறவர்களுக்கு ஊசி போட்டதால் செத்தது போலத் தோன்றும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: எல்லா உருப்படிக்கும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். மாட்டுக்கு இயல்பான சூடு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். 104-க்கு மேல் இருந்தால் அதற்குத் தடுப்பூசி வேண்டாம், பென்சிலின் வைத்தியம் வேண்டும். அதுவும் டாக்டர் கையால், அதிக அளவில், சில மணி நேரத்துக்குள். காய்ச்சல் இல்லாததற்கெல்லாம் தடுப்பூசி. இரண்டு கிடேரியும் கடைசியாக மேய்ந்த இடத்தில் இனி கட்டாதீர்கள். எதிர்ப்பு உண்டாக இரண்டு வாரம் ஆகும். அதுவரை காலை, மாலை நடையைப் பாருங்கள். ஒன்று பின்தங்கி வந்தாலே சந்தேகப்படுங்கள். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

அதே ஊர்: செத்ததை அறுத்துப் பார்த்தால் என்ன நோய் என்று தெரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். தோலுக்கும் ஆள் வந்திருக்கிறார்.

கத்தியே வைக்காதீர்கள். முதல் காரணம், திடீரென்று மாடு செத்தது அடைப்பானாலும் (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அது மனிதரையும் பிடிக்கும். மூக்கு, ஆசனவாய் வழியாகக் கருத்த ரத்தம் வந்து உறையாமல் இருந்தால் தொடக்கூட வேண்டாம். டாக்டர் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்வார்.

இரண்டாவது காரணம், சப்பை நோயாகவே இருந்தாலும் அறுத்தால் கிருமி விதை மாதிரி உறை கட்டிக்கொண்டு மண்ணில் இறங்கிவிடும். வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். இன்று தோலுக்குக் கிடைக்கும் காசை நாளைக்கு உங்கள் கன்று கட்டும். ஆறு அடிக்குக் குறையாமல் குழி, கீழேயும் மேலேயும் சுண்ணாம்பு, கிணறு ஓடைக்குத் தள்ளி. மேலே முள் போட்டு மூடுங்கள். நாய் தோண்டினால் எல்லாம் வீண்.

கோபிசெட்டிபாளையம்: பக்கத்து மாட்டிலிருந்து ஒட்டிக்கொள்ளுமா? நல்லா இருக்கிற மாட்டுக்குத்தான் வருகிறது, நோஞ்சானுக்கு வருவதில்லை. ஏன்?

மாட்டிலிருந்து மாட்டுக்கு நேரடியாக ஒட்டாது. ஒரே மேய்ச்சல் காட்டில் மேய்ந்ததால்தான் அடுத்தடுத்து விழுகின்றன. புல்லோடு மண்ணும் வயிற்றுக்குள் போகிறது. அதிலுள்ள கிருமி விதை ரத்தத்தோடு போய்ச் சதையில் தங்கிச் சும்மா இருக்கும். கன்றுகள் முட்டிக்கொள்ளும், லாரியில் ஏற்றும்போது அடிபடும், யாராவது தடியால் ஒன்று போடுவார்கள். அடிபட்ட சதையில் காற்று குறைகிறது. காற்று இல்லாத இடம்தான் இந்தக் கிருமிக்குச் சொந்த வீடு. முளைத்து, விஷத்தையும் வாயுவையும் கக்கும். அதனால்தான் வீக்கத்தை அழுத்தினால் காகிதம் கசங்குகிற மாதிரி சரசரக்கிறது. முதலில் சூடாக, தொட்டால் வலிக்கும். அப்புறம் குளிர்ந்து உணர்ச்சியே இல்லாமல் போகும். அந்த நிலைக்கு வந்த மாட்டை நான் காப்பாற்றியது அபூர்வம்.

நோஞ்சான் விஷயம் நீங்கள் சொன்னது சரி. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை, வேகமாகச் சதை போடும் கிடேரியும் காளைக்கன்றும்தான் இதன் இலக்கு. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். முகாம் நாளில் பலர் கறவை மாட்டை மட்டும் ஓட்டிக்கொண்டு வருவார்கள். கிடேரி எங்கே என்றால் "அது இன்னும் சின்னதுங்க" என்பார்கள். அந்தச் சின்னதுக்குத்தான் ஐயா இந்த ஊசியே. கயிற்றுக்கு அடங்காத காளைக்கன்றைப் பிடிக்க ஆள் இல்லையென்றால் நாலு பேரைக் கூட்டி வாருங்கள், விட்டுவிட்டு வராதீர்கள்.

பல்லடம்: எங்கள் மாடுகளுக்குக் காதில் அடையாளத் தோடு போட்டு ஊசியும் போட்டுவிட்டார்கள். இது தனியாக வேண்டுமா?

வேண்டும். இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சுற்றுச் சுற்றாகப் போடுவது கோமாரிக்கு. கன்று வீச்சு நோய்க்கும் அதில் ஊசி உண்டு, கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும். சப்பை நோய் அந்தத் திட்டத்தில் இல்லை. நோய் வந்துபோன ஊர்களைப் பார்த்துத் தனியாகப் போடுவார்கள். காதில் மஞ்சள் தோடு இருந்தால் எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று அர்த்தமில்லை. உங்கள் ஊரில் முன்பு சப்பை நோய் வந்திருந்தால் மருந்தகத்தில் நீங்களே போய்க் கேளுங்கள். தொண்டை அடைப்பானுக்கும் (முன்பு சொன்ன அடைப்பான் வேறு, இது வேறு) சப்பை நோய்க்கும் சேர்த்தே ஒரே ஊசியாகவும் கிடைக்கிறது.

மன்னார்குடி: மே, ஜூனில் போடச் சொல்கிறார்கள். எங்களுக்கு மழையே ஐப்பசியில்தான்.

நல்ல கேள்வி. மழைக்கு ஒரு மாதம் முன்பு என்பதுதான் கணக்கு. தென்மேற்குப் பருவமழை பெறும் மேற்கு மாவட்டங்களுக்கு அது மே. டெல்டாவுக்கு ஆவணி கடைசி, புரட்டாசி தொடக்கத்தில் போட்டாலும் நன்றாகவே தாங்கும். மே முகாமில் போட்டுவிட்டீர்கள் என்றாலும் கவலை இல்லை, சுமார் ஒரு வருடம் நிற்கும். மழையோடு இன்னொன்றையும் கவனியுங்கள். குளம் தூர்வாரிய மண், புதிதாக வெட்டிய வாய்க்கால், வெள்ளம் வடிந்த தரிசு, இங்கெல்லாம் பழைய மண் மேலே வந்திருக்கும். ஊசி போடாத கன்றை அங்கே விடாதீர்கள்.

தாராபுரம்: மூன்று மாதக் கன்றுக்குப் போடலாமா?

தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு இருக்கும்போது ஊசி சரியாகப் பிடிக்காது. நம் ஊரில் ஆறு மாதத்தில் முதல் ஊசி, பிறகு வருடம் ஒன்று. நோய் அடிக்கடி வரும் ஊரென்றால் முன்கூட்டியே போட்டு, ஒரு மாதம் கழித்து இன்னொன்று போடச் சொல்வார் டாக்டர்.

எட்டு மாதச் சினை மாடு?

மருந்தால் ஆபத்தில்லை. கட்டிப் பிடித்து, மிரண்டு, விழுந்தால்தான் ஆபத்து. நிறைசினையைக் கன்று போட்டபின் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வயதைத் தாண்டிய மாட்டுக்கு இந்த நோய் குறைவுதான்.

ஊசி போட்ட இடத்தில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. பாலும் குறைந்துவிட்டது.

கட்டி சில வாரத்தில் தானாகக் கரையும். அமுக்கிப் பிழியாதீர்கள். பால் இரண்டு நாளில் பழைய நிலைக்கு வரும், அந்தப் பாலைக் குடிக்கலாம். சீழ் வைத்தால் மட்டும் காட்டுங்கள்.

காங்கேயம்: நாங்களே மருந்து வாங்கி வந்து போடலாமா? போன தடவை வாங்கியதை ஃபிரிட்ஜில் மேல் பெட்டியில் வைத்தோம்.

மேல் பெட்டியில் வைத்ததைக் கொட்டிவிடுங்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரைதான் இதற்கு. கீழ்த் தட்டில் வைக்க வேண்டும், கதவில் கூடாது. இதில் படிகாரச் சேர்மானம் இருக்கிறது. உறைந்தால் அது கட்டியாகித் திரண்டுவிடும், மருந்து போச்சு. கரைந்த பிறகு பார்த்தால் நல்லதாகவே தெரியும். அதுதான் ஏமாற்றும். வேலையில் சேர்ந்த புதிதில் நானும் ஐஸ் கட்டிக்கு நடுவே பாட்டிலை நேராகச் செருகி, நாற்பது கிலோமீட்டர் பைக்கில் கொண்டுபோய், ஒரு பட்டி முழுக்கப் போட்டேன். அந்த வருடம் அங்கே மூன்று கன்று செத்தது. மருந்துதான் காரணமா என்று நிரூபிக்க முடியாது, ஆனாலும் அதற்குப் பிறகு பாட்டிலைத் துணியில் சுற்றாமல் ஐஸ் பெட்டிக்குள் வைத்ததில்லை.

இன்னொன்று, குலுக்குவது. படிகாரம் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஏற்றினால் முதல் பத்து மாட்டுக்குத் தெளிந்த தண்ணீர், கடைசி மாட்டுக்கு வண்டல். தயாரிப்பைப் பொறுத்து அளவு மாறும். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். தனிச் சப்பை நோய் ஊசி பெரும்பாலும் 5 மில்லி. கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடித்துத் தோலுக்கு அடியில் போட வேண்டும். திறந்த பாட்டிலை அன்றே முடிக்க வேண்டும். இவ்வளவும் கேட்ட பிறகு, அரசு மருந்தகத்தில் போட்டுக்கொள்வதே மேல் என்று உங்களுக்கே தோன்றும். இராணிப்பேட்டையில் 1932-லிருந்து இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் அரசே இந்த மருந்தைத் தயாரிக்கிறது.

வெள்ளக்கோவில்: ஊசி போட்டும் ஒன்று செத்ததே. பிறகு எதற்கு இந்த ஊசி?

கோபம் நியாயம்தான். நான் முதலில் கேட்பது, எந்த ஊசி? தொண்டை அடைப்பானுக்கு மட்டும் போட்டிருந்தால் அது சப்பையைக் காக்காது. போட்டு எத்தனை நாள்? பத்து நாளுக்குள் என்றால் எதிர்ப்பு வந்திருக்காது. மருந்து எப்படி வந்தது? செத்தது சப்பை நோயால்தானா? காலில் பாம்பு கடித்தாலும் வீங்கி நொண்டும். இவை எல்லாவற்றுக்கும் பதில் சரியாக இருந்தும் செத்திருந்தால் என்னிடம் பதில் இல்லை. நூற்றுக்கு நூறு காக்கும் ஊசி எதுவும் கிடையாது.

எங்கள் ஊரில் சப்பையில் சூடு போட்டால் பிழைக்கும் என்கிறார்கள்.

பிழைத்ததைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பி சதைக்குள் இருக்கும் கிருமியைத் தொடாது. ஏற்கெனவே வலியில் இருக்கும் வாயில்லாச் சீவனுக்கு இன்னொரு புண். அதற்கு ஆகும் அரை மணி நேரம்தான் பென்சிலின் வேலை செய்யக்கூடிய நேரம்.

மூலனூர்: செம்மறி ஆடு 60 இருக்கிறது. ஆட்டுக்கும் வருமா?

செம்மறிக்கு வரும். ரோமம் கத்தரித்த காயம், குட்டி போட்டபோது ஏற்பட்ட கிழிசல், இவற்றின் வழியாக இறங்கும். வெள்ளாட்டுக்கு அரிது. உங்கள் பட்டி மேயும் காட்டில் மாடு செத்திருந்தால் டாக்டரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள், ஆட்டுக்கு அளவு குறைவு. கத்தரிக்கிற கத்தரியை ஒவ்வோர் ஆட்டுக்கும் நடுவே கிருமிநாசினியில் முக்கி எடுங்கள்.